இருபதாவது ஆட்டம்

செப்டம்பர் 9

அக்காவுக்கு,

வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் படியேற விடுகிறதா? போனில் கேட்டால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். பக்கத்து வீட்டு அத்தை நடுவில் புகுந்து, "சாப்பிட்டியாப்பா, இளைச்சிட்டியாமே?" என்கிறாள். அதனால் நீ சொன்னபடி உன் பட்டறை விலாசத்துக்கே எழுதுகிறேன்.

விடுதி, மைதானத்தின் வடக்குச் சுவரை ஒட்டி இருக்கிறது. மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் சலவைக் கொடி. இருபத்திரண்டு பச்சைச் சட்டைகள் தலைகீழாகத் தொங்குகின்றன. என்னுடையது எது என்று இங்கிருந்தே தெரிகிறது. அது மட்டும் இன்னும் வெளுக்கவில்லை.

அறையில் இன்னொருவர் இருக்கிறார். முப்பத்துநான்கு வயது. கால்பந்தில் அது கிழவயது என்பதால் எல்லோரும் "தாத்தா" என்கிறார்கள். அவரும் லெஃப்ட் பேக், நானும் லெஃப்ட் பேக். ஒரே இடத்துக்கு இரண்டு பேர், ஒரே அறை. உள்ளே நுழைந்ததுமே கேட்டார்: "நீதான் என் சோத்துல மண்ணள்ளிப் போட வந்தவனா?" அடுத்த மூச்சிலேயே, "ஜன்னல் பக்கத்துக் கட்டில எடுத்துக்க. எனக்குக் காத்து ஒத்துக்காது," என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். பெரிய கிளப் என்னை இந்தக் கிளப்புக்கு ஒரு சீசனுக்கு இரவலாகக் கொடுத்திருக்கிறது. மொத்தம் முப்பது ஆட்டங்கள். முதல் பதினொருவரில் ஒருவனாக நான் இருபது ஆட்டம் இறங்கிவிட்டால் இவர்கள் என்னை நிரந்தரமாக வாங்கியே ஆகவேண்டும். நான்கு வருடம். பெஞ்சிலிருந்து பாதியில் எழுந்து போனால் கணக்கில் சேராது.

ஐந்து வருடத்தில் இது ஐந்தாவது கிளப். இருபத்தேழு வயது. எதையும் எதிர்பார்க்கவில்லை என்று எழுத நினைத்தேன். பொய்.

அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லாதே.

உன் தம்பி

*

செப்டம்பர் 24

தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலமாகத்தான் இருக்கிறோம். அம்மா படியேறுகிறாள், இறங்கும்போதுதான் திட்டுகிறாள். உன் கணக்கை நான் சொல்லவில்லை, அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். தெருவில் பார்ப்பவர்களிடம் எல்லாம் "பையனுக்கு நிரந்தரம் ஆயிடுச்சு" என்கிறாள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் எல்லாம் விளக்கவேண்டும்.

மருத்துவமனைப் பின்கட்டில் எங்கள் செருப்புப் பட்டறைக்குப் புதிதாக ஒரு ஜன்னல் வைத்தார்கள். பிளாஸ்டர் தூள் இப்போது வெளிச்சத்தில் தெரிகிறது. முன்பு மூச்சில் மட்டும்தான் தெரியும். நேற்று ஒருவர் வந்தார். "எனக்கு வலியே இல்லம்மா, டாக்டர்தான் அனுப்புனார்," என்றார். மேஸ்திரி என் பக்கம் திரும்பி, "அவர் வாயக் கேக்காத. பழைய செருப்ப வாங்கிப் பாரு," என்றார். வாங்கிப் பார்த்தேன். இடது குதிகால் இருந்த இடம் அப்படியே புதிதாக இருந்தது. மனிதர் மாதக்கணக்கில் அதை ஊன்றவே இல்லை.

உன் ஷூவுக்குள் வைக்க இரண்டு ஜோடி உள்சோல் இத்துடன் அனுப்புகிறேன். ஒன்பதாம் அளவு. பழசானதும் தூக்கிப்போடாதே. எனக்கு அனுப்பு. நீ எழுத மறந்தது ஏதாவது இருந்தால் நான் அதில் பார்த்துக்கொள்வேன்.

போன கோடையில் நீ இரவல் முடிந்து வந்து பத்து வாரம் முன்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். வேலைக்குக் கிளம்பும்போதும் அதே முதுகு, திரும்பி வரும்போதும் அதே முதுகு. அதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

அக்கா

*

டிசம்பர் 2

அக்காவுக்கு,

எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. கோபித்துக்கொண்டிருப்பாய். உடம்பு நன்றாக இருக்கிறது, கால்கள் நன்றாக இருக்கின்றன. நீங்கள் இருவரும் எப்படி?

பன்னிரண்டு ஆட்டம். பன்னிரண்டிலும் முதல் பதினொருவரில் நான். கோச்சுக்கு என்னைப் பிடித்திருக்கிறது. கூட்டத்துக்கும் பிடித்திருக்கிறது போல. பெயர்கூட வைத்துவிட்டார்கள். பந்து என் காலுக்கு வந்ததும் மேற்குப் பக்கத்துப் படிகளிலிருந்து, "டேய் இரவல், ஏறுடா! யோசிச்சது போதும், ஏறு!" என்று ஒரு குரல். அந்த ஆளின் முகத்தை இன்னும் பார்த்ததில்லை. ஏறுகிறேன்.

தாத்தா பெஞ்சில் உட்கார்ந்து நகம் வெட்டுகிறார். ஆட்டம் முடிந்து அறைக்கு வந்தால், "இன்னைக்கு ரெண்டு இடத்துல தூங்கிட்ட. பதினேழாவது நிமிஷம் ஒண்ணு, இன்னொண்ணு நீயே கண்டுபிடி," என்கிறார். சரியாகத்தான் சொல்கிறார்.

பழைய உள்சோல் ஒரு ஜோடி இத்துடன் வைத்திருக்கிறேன். கொஞ்சம் அழுக்கு.

இருபது ஆகாவிட்டாலும் பயமில்லை. பெரிய கிளப் விரும்பினால் என்னை இன்னும் ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. வைத்துக்கொள்வார்கள். அங்கே ஒரு மூலையில் எனக்கு ஒரு கொக்கியாவது இருக்கும், சட்டை மாட்ட.

குளிர் ஆரம்பித்துவிட்டது. அம்மாவைக் காலுறை போடச் சொல்.

தம்பி

*

டிசம்பர் 20

தம்பிக்கு,

அம்மா நலம். நான் நலமில்லை. உன் பொட்டலத்தைப் பிரித்ததிலிருந்து.

வலது சோலில் பெருவிரல் குழியே விழவில்லை. வெளி ஓரம் மட்டும் கூழாகியிருக்கிறது. ஓடுகிறவன் பெருவிரலால் தரையைத் தள்ளவேண்டும். இந்தக் கால் தள்ளுவதே இல்லை. குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி ஒன்று போகிறதே, அந்த நாண் புண்ணாகியிருக்கிறது. எத்தனை நாளாக? இதை வைத்துக்கொண்டு எப்படிப் பன்னிரண்டு ஆட்டம் ஓடினாய்? கோச்சுக்குத் தெரியுமா?

மேஸ்திரியிடம் காட்டினேன். யாருடையது என்று சொல்லவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு, பெரியவரா?" என்று கேட்டார். "நடக்கிறதே புண்ணியம்," என்றார்.

இரண்டு காலுக்கும் கார்க்கில் குதிகால் துண்டு செய்திருக்கிறேன். ஆறு மில்லிமீட்டர். உள்சோலுக்கு அடியில் வை. குதிகால் உயர்ந்தால் நாண் தளரும், வலி குறையும். ஆனால் குறைவது வலி மட்டும்தான். நாணுக்கு ஓய்வு வேண்டும்.

"கால்கள் நன்றாக இருக்கின்றன" என்று எழுதியிருந்தாய். உன் காலையே எனக்குத் தெரியாமல் போய்விட்டதா என்று இருக்கிறது.

உடனே பதில்.

அக்கா

*

ஜனவரி 12

அக்காவுக்கு,

முதலில் இதை எழுதிவிடுகிறேன். அது என் கால் இல்லை. தாத்தாவுடையது.

நீ அனுப்பிய இரண்டு ஜோடியில் ஒன்றை அவருக்குக் கொடுத்திருந்தேன். அவருக்கும் ஒன்பதுதான். நவம்பரில் எனக்கு இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி. பத்து நாள் மாத்திரை போட்டு ஓடினேன். இப்போது போய்விட்டது. நிஜமாகவே போய்விட்டது. என் உள்சோலை அனுப்பினால் நீ கண்டுபிடித்துவிடுவாய். அனுப்பாவிட்டாலும் கேட்பாய். எனவே அவருடையதை எடுத்து, மாற்று வைத்து, உனக்கு அனுப்பினேன். பெஞ்சில் உட்காருகிறவரின் சோலில் என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

உன் கடிதத்தைக் குளியலறையில் படித்தேன். வெளியே வந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தார். வலது காலுக்கு அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார். நான்கு மாதமாகப் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறேன். இப்போதுதான் பார்க்கிறேன்.

யாரிடமும் சொல்லவில்லை அவர். இந்த சீசன் முடியும்வரை நின்றுகாட்டினால் இன்னும் ஒரு வருடம் என்று கிளப் அவருக்குச் சொல்லியிருக்கிறது.

என் கணக்கு பதினேழு. சனிக்கிழமை முதல்முறையாகப் பெஞ்ச். கோச் என்னைச் சலவை அறைக்குக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னார்: "கிளப் தலைவர் சொல்லிட்டாருப்பா. இருபது ஆகக் கூடாதாம். பெரியவரு நிக்கிற வரைக்கும் அவரத்தான் எறக்கணும். நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

நிற்கிற வரைக்கும். அக்கா, அவருடைய காலைப் பற்றி நான் டாக்டரிடம் ஒரு வார்த்தை போட்டால் போதும்.

உன்னிடம் யோசனை கேட்கவில்லை. எழுதிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இப்படி எழுதியதற்கு மன்னித்துக்கொள்.

தம்பி

*

ஜனவரி 29

தம்பிக்கு,

இங்கே நாங்கள் இருக்கிறோம், இருந்தபடி.

நீ என்னை ஏமாற்றியதை விட்டுவிடுகிறேன். என் கையால் செய்ததை வைத்தே ஏமாற்றினாய். அதையும் விட்டுவிடுகிறேன்.

டாக்டரிடம் சொல்லிவிடு. அந்த நாண் எந்த நேரமும் அறுந்துபோகலாம். அறுந்தால் அந்த மனிதர் படியிறங்கவே ஒரு வருடம் ஆகும். இது காட்டிக்கொடுப்பது இல்லை. எங்கள் பட்டறையில் இப்படி ஒரு சோல் வந்தால் முதல் வேலையாக டாக்டருக்குச் சீட்டு எழுதுவோம். அதைத்தான் உன்னைச் செய்யச் சொல்கிறேன்.

கார்க் துண்டை அவருக்குக் கொடுக்காதே. வலி தெரியாமல் ஓடுவார்.

பெரிய கிளப்பை நம்பி இராதே. நம்பவேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. எனக்குத் தோன்றுகிறது.

வேறு இங்கே சொல்லும்படியாக எதுவும் வரவில்லை. அம்மா காலுறை போடுகிறாள்.

அக்கா

*

மார்ச் 8

அக்காவுக்கு,

எழுதாமல் இருந்துவிட்டேன். நீயும் எழுதவில்லை. இருவரும் நலமாக இருப்பதால்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் ஜனவரிக் கடிதம் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே கார்க் துண்டைத் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டேன். உன்னிடம் அதைச் சொல்லப் பயந்துதான் இத்தனை நாள். போட்டுக்கொண்டு அறையில் நாலு அடி நடந்தார். திரும்பி நடந்தார். "யாருடா உங்க அக்கா, மந்திரவாதியா?" என்றார்.

அன்றிலிருந்து ஓடுகிறார். அழகாக ஓடுகிறார், அக்கா. உன் கார்க்கின் மேல் நின்று என் இடத்தில் ஆடுகிறார். பிப்ரவரியில் அவருக்குச் சிவப்பு அட்டை விழுந்து இரண்டு ஆட்டம் தடை. அந்த இரண்டிலும் நான். கணக்கு பத்தொன்பது. நான்கு ஆட்டம் மிச்சம்.

நேற்று அவரே பேச்சை எடுத்தார்.

"உன் இருபத நான் தின்னுக்கிட்டிருக்கேன்னு எனக்குத் தெரியும்டா."

"விடுங்க தாத்தா."

"எங்க விடுறது? எனக்கும் பசிக்குதே."

பிறகு இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் வலது ஷூவிலிருந்து உன் கார்க்கை எடுத்துக் காட்டினார். அப்பளம் மாதிரி அமுங்கிப்போயிருந்தது. "அக்காகிட்ட இன்னொண்ணு கேப்பியா? நாலே நாலு ஆட்டம். கேக்கக் கூடாதுன்னு தெரியும். அதுவும் உன்கிட்ட."

நீ எழுதியதை அவரிடமே சொல்லிப் பார்த்தேன். அறுந்துபோகும் என்றேன். "உனக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், போடா," என்றார்.

டாக்டரிடம் சொல்லப்போவதில்லை. முடிவு செய்துவிட்டேன். எனக்குப் பெரிய கிளப் இருக்கிறது, இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அவருக்கு இதுதான். என்னால் விட்டுக்கொடுக்க முடிகிறது என்பதே எனக்குப் புதிதாக இருக்கிறது. பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

கார்க் செய்து அனுப்பு. சீக்கிரம்.

தம்பி

*

மார்ச் 22

அக்கா,

இது வெறும் அட்டை. உடம்புக்கு ஏதாவதா? பொட்டலம் இன்னும் வரவில்லை. பழைய கார்க்குக்கு அடியில் அட்டைப்பெட்டியை வெட்டி வைத்து ஓடுகிறார். சனிக்கிழமைக்குள் வந்தால் நல்லது. இன்னும் இரண்டு ஆட்டம்தான். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

*

ஏப்ரல் 7

அக்காவுக்கு,

அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன். மகிழ்ச்சியான குரலில் சொன்னேன். உனக்கு இதை எழுதவேண்டும்.

மார்ச் 27. அறுபத்தோராவது நிமிடம். தாத்தா பந்தை நோக்கித் திரும்பினார். யாரும் அவர் பக்கத்தில் இல்லை. பெஞ்சில் இருந்த எனக்குச் சத்தம் கேட்டது. யாரோ பலகையைத் தட்டியதுபோல. விழுந்தவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், தன்னை உதைத்தது யார் என்று. அங்கே புல்தான் இருந்தது.

என்னை இறக்கினார்கள். அது கணக்கில் சேராது.

ஏப்ரல் 3, கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்கவேண்டும். கிளப்பில் வேறு லெஃப்ட் பேக் இல்லை. பெயர்ப் பட்டியல் ஒட்டும்போது தலைவர் கோச்சின் அறையில் இருந்தார். கதவு வழியாகக் கேட்டது: "அவன விட்டா வேற ஆள் இல்லன்னா போட்டுத் தொலைங்க." அப்படித்தான் என் இருபதாவது ஆட்டம் வந்தது. ஒன்றுக்கு ஒன்று. தப்பித்தோம். மேற்குப் படியிலிருந்து அந்தக் குரல், "இனி உன்ன எப்படிடா கூப்புடுறது?" என்றது. எல்லோரும் சிரித்தார்கள்.

ஒப்பந்தம் தயாராகிறது. நான்கு வருடம். அடுத்த மாதம் கையெழுத்து.

தாத்தாவை மருத்துவமனையில் பார்த்தேன். காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு. தபால்காரரை ஏழு தலைமுறைக்குத் திட்டிவிட்டு, "உங்க அக்கா அனுப்பியிருப்பாங்க, பாவம்," என்றார்.

எங்கே தொலைந்தது அது? ரசீது இருக்கிறதா?

தம்பி

*

ஏப்ரல் 20

தம்பிக்கு,

அம்மா தெருவில் எல்லோருக்கும் இரண்டாம் முறை சொல்லிவிட்டாள். இந்த முறை உண்மை.

ரசீது இல்லை. நான் அனுப்பவில்லை.

உன் கடிதம் மார்ச் 11 வந்தது. மறுநாளே செய்து முடித்தேன். நல்ல கார்க். பொட்டலம் கட்டி விலாசம் எழுதி மேசை இழுப்பறையில் வைத்தேன். தினமும் இழுப்பறையைத் திறந்தேன். உன் அட்டை வந்த அன்று தபால் நிலையம் வரை போனேன். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டே பேர். திரும்பி வந்துவிட்டேன்.

இத்துடன் இருக்கும் உறையைப் பிரித்துப் பார். பெரிய கிளப்பிலிருந்து வந்தது. ஜனவரி 22, வீட்டு விலாசத்துக்கு, உன் பெயருக்கு. நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பிரித்தேன். சீசன் முடிந்ததும் உன்னை வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லை, வாழ்த்துகள் என்று இரண்டே வரி. சீசனின் நடுவில் உன் மனம் உடையக் கூடாது என்று மறைத்தேன். அப்போது காரணம் அதுதான்.

பிறகு நீ எழுதினாய், எனக்குப் பெரிய கிளப் இருக்கிறது, விட்டுக்கொடுக்கிறேன் என்று. எதை விட்டுக்கொடுக்கிறாய் என்று தெரியாமலே விட்டுக்கொடுத்தாய். அந்தக் கடிதத்தை அன்றே உனக்கு அனுப்பியிருக்கலாம். தெரிந்த பிறகும் நீ அவர் பக்கமே நின்றுவிடுவாயோ என்று பயந்தேன். நிற்கமாட்டாயோ என்றும் பயந்தேன். உனக்குப் பதிலாக நானே முடிவெடுத்தேன். ஒன்றும் செய்யாமல் இருப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது.

டாக்டருக்குச் சொல் என்று உனக்கு எழுதினேனே, அது அந்த மனிதருக்காக இல்லை. எழுதும்போதே எனக்குத் தெரியும்.

இப்போது என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா

*

மே 9

அக்காவுக்கு,

அம்மா எப்படி இருக்கிறாள்? உன் உடம்பைப் பற்றி இந்த முறை கேட்கவில்லை. கேட்டால் எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொள்வாய்.

மே 5 கையெழுத்துப் போட்டேன். உன் கடிதம் அதற்குப் பத்து நாள் முன்பே வந்துவிட்டது. பத்து நாளும் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். போடாமல் எழுந்து வந்துவிடலாம் என்று நினைத்தபடியே அலுவலகப் படி ஏறினேன். மேசையில் பேனா இருந்தது. தலைவர், "படிச்சுப் பாக்கலியா?" என்றார். "வேண்டாம்," என்றேன். எல்லாம் தெரிந்துதான் போட்டேன். எனவே இது இனி உன்னுடையது மட்டும் இல்லை.

தாத்தா அறையைக் காலி செய்துவிட்டார். அவர் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். புது ஆள் ஜூலையில் வருவானாம். லெஃப்ட் பேக்.

அறுவை செய்த டாக்டர் அவருக்குத் தனி ஷூ எழுதியிருக்கிறார். எங்கே என்று சீட்டை வாங்கிப் பார்த்தேன். உன் பட்டறை. "உங்க அக்கா கையாலயா? அப்ப நான் பொழச்சேன்," என்றார். ஜூன் முதல் வாரம் வருகிறார்.

நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. நீ சொல்லவேண்டும் என்றோ வேண்டாம் என்றோ எழுதமாட்டேன்.

தம்பி

*

ஜூன் 3

தம்பிக்கு,

அம்மா நலம். நான் வேலைக்குப் போய் வருகிறேன்.

நேற்று வந்தார். நான் நினைத்ததைவிட உயரம். ஊன்றுகோலைக் கதவில் சாய்த்துவிட்டு, "நீங்கதான் அக்காவா? என்னவிடச் சின்னவங்களா இருக்கீங்க," என்று சிரித்தார். ஸ்டூலில் உட்கார்ந்து வலது காலை நீட்டினார். தழும்பு இன்னும் சிவப்பாக இருக்கிறது. கெண்டைக்கால் சதை கரைந்திருக்கிறது. இடதைவிட மூன்று சென்டிமீட்டர் குறைவு.

அளவு நாடா அவர் காலைச் சுற்றி இருக்கும்போதே கேட்டார்: "ஏங்க, அந்தப் பொட்டலத்தப் பத்தி போஸ்ட் ஆபீஸ்ல விசாரிச்சீங்களா?"

"பொட்டலம் போகவே இல்லண்ணா. பன்னெண்டாம் தேதியே செஞ்சுட்டேன். நான்தான் அனுப்பல."

அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து அறையில் தேய்க்கிற இயந்திரம் ஓடி நின்றது.

"இருபதுக்காகவா?"

"ஆமா."

"அது இருந்திருந்தா நின்னிருக்குமா?"

நிற்காது என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மையும்கூட. "தெரியல. நாலு ஆட்டமும் நின்னிருக்கலாம். மொத ஆட்டத்துலயே போயிருக்கலாம். இனிமே தெரியவும் தெரியாது," என்றேன்.

"அவனுக்குத் தெரியுமா?"

"கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே தெரியும்."

தலையை ஆட்டினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலைத் தானே என் மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்து, காலுறையை மாட்டத் தொடங்கினார். குனிய முடியவில்லை. நான் கை நீட்டினேன். "வேண்டாம்," என்றார்.

பட்டறைப் பதிவேட்டில் நான்கு கட்டம் நிரப்பவேண்டும். பெயர் சொன்னார், வயது சொன்னார். எதனால் என்ற கட்டத்தில் "ஆட்டத்தில்" என்று போடச் சொன்னார். தொழில் என்ற கட்டம் வந்தது. என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கதவருகே போனவர் அங்கேயே நின்றார்.

"அத உங்க தம்பிகிட்ட கேட்டு எழுதிக்குங்க," என்றார்.

கேட்கிறேன்.

அக்கா